மிஸ் சார்லட்டின் கழுத்து

மிஸ் சார்லட்டுக்கு வயது இருபத்தாறு. பொன்னிறக் கூந்தல், மூக்கின் மேல் லேசான புள்ளிகள், சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி. ஊர் இங்கிலாந்தில் எங்கோ ஆடு மேயும் பச்சைப் பகுதி. ஒரே நேரத்தில் பதினோராயிரம் வகுப்புகளில் பாடம் நடத்துவாள். வியட்நாம், கஜகஸ்தான், பிரேசில் என்று, தன் பிள்ளை வெள்ளைக்காரி வாயிலிருந்துதான் ஆங்கிலம் கற்க வேண்டும் எனப் பெற்றோர் பிடிவாதம் பிடிக்கிற இடத்திலெல்லாம் அவள் உண்டு. பிறந்தது மட்டும் எங்கேயும் கிடையாது. பிறக்காத ஒரு பெண்ணுக்கு இத்தனை கிராக்கி என்றால் 2058ஆம் ஆண்டில் உலகம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினோராயிரம் சார்லட்டுகளில் நூற்றிருபது பேர் பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஓக்ஹேஸ்ட் என்ற நிறுவனம் மண்டபத்தை வாங்கி, பந்தி நடந்த கூடத்தில் கேபின் கேபினாகத் தடுத்துவிட்டிருந்தது. மேலாளர் ரெக்ஸ் உட்காரும் அறைக் கதவில் ‘மணமகள் அறை’ என்று எழுதியிருந்த பெயிண்டை யாரும் சுரண்டவில்லை. ரெக்ஸுக்கு வழுக்கை, தொந்தி, ஐம்பத்திரண்டு வயது. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

நாற்பத்தேழாம் எண் கேபினில் சார்லட்டாக இருந்தவள் ஜெபக்கனி. அவளுக்கும் வயது நாற்பத்தேழு. எம்.ஏ., எம்.ஃபில். தாத்தா ஆங்கில வாத்தியார், அப்பா ஆங்கில வாத்தியார், அவள் இருபத்து மூன்று வருடம் கான்வென்ட்டில் ஆங்கில டீச்சர். ஒருநாள் பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து, “எங்க புள்ளையளுக்குச் சார்லட் மிஸ்தான் வேணும்” என்றார்கள். பள்ளிக்கூடம் ஜெபக்கனிக்குச் சால்வை போட்டு அனுப்பிவிட்டு வகுப்பில் திரையை மாட்டியது. அவள் நேராக ஓக்ஹேஸ்ட்டுக்கு வந்து சார்லட் ஆனாள். தன்னை வேண்டாம் என்ற அதே பிள்ளைகளுக்குத் தானே மறுபடி பாடம் எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாள். யாருக்குத் தெரியும்?

சேர்ந்த அன்றே ரெக்ஸ் விவரத்தைச் சொல்லிவிட்டார்.

“ஒங்க நெறம், மூக்கு, கொரல் எல்லாத்தையும் மெஷினு கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள மாத்திரும் டீச்சர். நீங்க இங்க பேசுதது அங்க சார்லட்டா போயிரும். கழுத்த மட்டும் அதால மாத்த முடியல. மாத்துனா தல தனியா ஒடம்பு தனியா மெதக்கும். புள்ளைய பயந்துரும். அதனால கழுத்த நீங்கதான் பாத்துக்கிடணும்.”

“கழுத்துல என்னத்தப் பாக்கதுக்கு?”

ரெக்ஸ் தலையை இப்படியும் அப்படியுமாக லேசாக ஆட்டிக் காட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் திட்டமாகச் சொல்லாமல், சரி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், மேலே சொல்லு என்கிற நம்முடைய அந்த ஆட்டம்தான். “இத எந்த வெள்ளக்காரியும் பண்ண மாட்டா. இது வெளிய தெரிஞ்சா அதுக்குப் பேரு கசிவு. ஒவ்வொரு கசிவுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பாவ.”

ஜெபக்கனிக்கு முதல் வாரத்திலேயே முப்பது புள்ளி. அவமானமாக இருந்தது. தன் ஆங்கிலத்தில் ஒரு குற்றம் சொல்ல ஆளில்லை என்று நினைத்திருந்தவள், ஆங்கிலம் கழுத்திலும் இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரியில் ஓக்ஹேஸ்ட் ஓர் அறிவிப்பு விட்டது. ஒரு முழு ஆண்டு கசிவே இல்லாமல் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு நேர்முகத் தேர்வு உண்டு. அதில் தேறினால் ‘திறந்த முகம்’. அதாவது சார்லட் வேண்டாம். சொந்த முகம், சொந்தக் குரல், சொந்தப் பெயர்.

அறிவிப்பை ஜெபக்கனி நான்கு தரம் வாசித்தாள். சம்பளம் எவ்வளவு கூடும் என்று பார்க்கக்கூட இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையாவது மறுபடி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இருபத்து மூன்று வருடம் ‘ஜெபக்கனி மிஸ்’ என்று கேட்டுப் பழகிய காது, இரண்டு வருடமாகச் ‘சார்லட், சார்லட்’ என்று கேட்டுப் புண்ணாகிக் கிடந்தது.

மறுநாளே தன் சடை நுனியை ஒரு ரிப்பனால் நாற்காலியின் முதுகுக் கம்பியோடு கட்டினாள். தலை ஆடினால் மயிர்க்கால் சுண்டி இழுக்கும். இழுத்தால் நினைவு வரும். எம்.ஃபில். படித்த அறிவு கண்டுபிடித்த வழி இதுதான்.

பக்கத்துக் கேபின் முப்பிடாதி எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். “எக்கா! மாட்டக் கெட்டுத மாதிரில்லா கெட்டியிருக்கிய!”

முப்பிடாதி சங்கரன்கோவில்காரி. முப்பது வயது. அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்து, கதைப் புத்தகமும் படமுமாக ஆங்கிலம் கற்றவள். பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொள்ளும். வகுப்பு முடிந்தாலும் திரையை விட்டுப் போகாது. ஆனால் அவள் தலை ஒரு இடத்தில் நிற்காது. இருநூற்றுப் பதினான்கு கறுப்புப் புள்ளிகள். அந்தக் கூடத்திலேயே அதுதான் அதிகம்.

“ஒனக்கென்னட்டி” என்றாள் ஜெபக்கனி. “நீ ஆட்டிக்கிட்டே இரு. கடைசி வரைக்கும் அந்த வெள்ளக்காரி மொகத்துக்குள்ளயே கெட.”

முப்பிடாதி கோபப்படவில்லை. “எனக்குப் பேச்சு வந்தா தல தன்னால ஆடுது எக்கா. நான் என்ன செய்ய?” என்று ஆட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். ஆங்கிலம் பழக்கமில்லாத வீட்டுப் பிள்ளை, இதற்குமேல் என்ன எதிர்பார்க்க என்று ஜெபக்கனி நினைத்தாள். மூன்று தலைமுறை வாத்தியார் வீட்டுக்காரிக்கு அப்படித்தான் நினைக்க வரும்.

இரண்டு மாதத்தில் கசிவு பாதியானது. ஐந்தாம் மாதம் வாரத்துக்கு ஒன்று. அதன் பிறகு எதுவுமே இல்லை. கணக்குச் சுத்தமாகத் தொடங்கியது ஜூன் மாதம். அடுத்த ஜூன் வரை தாக்குப்பிடித்தால் போதும்.

தன் கழுத்தோடு நிற்காமல் பிள்ளைகளின் கழுத்திலும் கை வைத்தாள். கஜகஸ்தானில் தனியார் என்று பெயருள்ள ஒரு பையன், பத்து வயது. கேள்வி கேட்டால் அழகாகப் பதில் சொல்வான். சொல்லும்போது தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். வேறொரு சார்லட்டிடமிருந்து அந்த வருடம்தான் இவளிடம் மாறி வந்திருந்தான்.

“தனியார், தலையை நேராக வைத்துப் பேசு” என்று சார்லட்டின் குரலில் கண்டித்தாள்.

பையன் குழம்பினான். “இது ஆங்கிலம்தானே மிஸ்? என் அம்மாவிடம் எங்கள் மொழியில் பேசும்போது நான் இப்படிச் செய்வதே இல்லையே.”

அந்த இடத்தில் அவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. யாரோ ஒரு முப்பிடாதியிடம் படித்துக் கெட்டிருக்கிறான் என்று எண்ணி, அவனை ஆறு மாதத்தில் திருத்தியும் விட்டாள்.

கழுத்து கேபினோடு நின்றிருந்தால் சரி. நிற்கவில்லை. அக்டோபரில் அவள் தங்கை மகள் பிரிசில்லாவுக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் சாயர்புரத்திலிருந்து வந்தார்கள். பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. பெண் வீட்டில் மூத்தவள் ஜெபக்கனி என்பதால் மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்கு அவள் பக்கம் திரும்பினார்.

“என்ன மயினி, எல்லாம் ஒங்களுக்குச் சம்மதந்தான?”

“சம்மதந்தான்” என்றாள் ஜெபக்கனி.

வாய்தான் சொன்னது. தலை அசையவில்லை. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். மறுபடி கேட்டார். ஜெபக்கனி மறுபடி, இன்னும் தெளிவாக, “சம்மதம்” என்றாள். கோர்ட்டில் சாட்சி சொல்வது போல் இருந்தது. அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “வாயி சொல்லுது. மனசு சொல்லலயே. புடிக்கலன்னா முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

பிறகு போதகர் ஐயா போய்ப் பேசி, தங்கை போய் அழுது, எப்படியோ சம்பந்தம் மறுபடி ஒட்டிக்கொண்டது. தங்கை ஜெபக்கனியிடம் பேசுவதை நிறுத்தியதுதான் மிச்சம்.

“ஒரு தடவ தலைய ஆட்டித் தொலைஞ்சிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சிருக்கும் கனி?” என்றார் அவள் கணவர் ஆசீர். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசாதவர். அன்று அவருக்கே பொறுக்கவில்லை.

“கொறையும். இன்னும் எட்டு மாசம் இருக்கு. வீட்டுல ஆட்டுனா அங்கயும் வந்துரும்.”

“அப்படி என்ன மயிரு இங்கிலீஷு அது?”

அந்த வார்த்தையை அவர் அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

ஜூன் வந்தது. ஒரு ஆண்டு முழுக்கக் கசிவு பூஜ்யம். பாளையங்கோட்டைக் கிளையிலேயே அவள் ஒருத்திக்குத்தான். ரெக்ஸ் அவளுக்குக் கை கொடுத்துவிட்டு, “கிளைக்கு ரெண்டு பேர அனுப்பணும்னு ரூலு டீச்சர். ஒங்களோட பேருக்கு முப்பிடாதியையும் அனுப்புதேன். அவ தோத்துட்டு வந்தாலும் சிரிச்சிக்கிட்டே வருவா” என்றார்.

நேர்முகத் தேர்வு திரையில்தான். மதிப்பெண் போடுவது ‘காது’ என்ற ஓர் இயந்திரம். மதிப்பெண்ணை வாசித்துச் சொல்ல மட்டும் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்திலிருந்து ஒரு மனிதர். பெயர் ஹார்கிரேவ். எழுபது வயதிருக்கும். கழுத்துப் பட்டி, சாயம் போன கோட்டு, பின்னால் புத்தக அலமாரி. அசல் வெள்ளைக்காரரை எதிரே பார்த்ததும் ஜெபக்கனிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. தராதரம் தெரிந்த ஆள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று இருந்தது.

“நீங்கள் ஏன் உங்கள் சொந்தப் பெயரில் கற்பிக்க விரும்புகிறீர்கள்?” என்று அவர் கேட்டார்.

“மூன்று தலைமுறையாக இது எங்கள் வீட்டு மொழி” என்றாள். “என் வீட்டில் நான் வேஷம் போட்டுக்கொண்டு நடமாடத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.”

ஹார்கிரேவின் கண்கள் ஒரு நொடி பளிச்சிட்டன. இருபது நிமிடம் பேசினார்கள். ஒரு சொல் பிசகவில்லை. ஒரு மயிரிழை தலை ஆடவில்லை. அடுத்து முப்பிடாதி போனாள். கதவு மூடியிருந்தும் அவள் சிரிப்பு வெளியே கேட்டது. அறிவு கெட்டவள், நேர்முகத் தேர்வில் போய் இளிக்கிறாளே என்று ஜெபக்கனி முகத்தைச் சுளித்தாள்.

பிறகு இருவரையும் உட்கார வைத்து ஹார்கிரேவ் முடிவை வாசித்தார். முப்பிடாதி, தொண்ணூற்றேழு. ஜெபக்கனி, அறுபத்தொன்று.

“மாற்றி வாசித்துவிட்டீர்கள்” என்றாள் ஜெபக்கனி.

“இல்லை, அம்மையீர்.” அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “காரணத்தையும் வாசிக்கிறேன். ‘விண்ணப்பதாரரின் ஆங்கிலத்தில் பிழை இல்லை. ஆனால் அது உடலோடு ஒட்டவில்லை. ஒத்துக்கொள்ளும்போதும், கேட்கும்போதும், யோசிக்கும்போதும் தலை அசைவதில்லை. பிறந்து பேசுகிறவர் போல இல்லை, புத்தகத்தில் கற்றவர் போல இருக்கிறார். அயலார்.’”

“இதை இயந்திரம் சொல்கிறது. நீங்கள் சொல்லுங்கள். அந்த மண்ணில் பிறந்தவர் நீங்கள். உங்கள் காதில் நான் பேசுவது எப்படி விழுகிறது?”

“என் காது இந்த வேலைக்கு அமர்த்தப்படவில்லை” என்றார் ஹார்கிரேவ். திரை அணைந்தது.

மணமகள் அறையில் ரெக்ஸ் ஃபேனை வேகமாக வைத்துவிட்டு ஜெபக்கனிக்குத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கே அன்று காலைதான் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் வந்திருந்தது.

“அந்தக் காது புஸ்தகத்தப் பாத்து மார்க்குப் போடுததில்ல டீச்சர். ஒலகம் பூரா இங்கிலீஷச் சரளமா பேசுத சின்ன வயசுக்காரவுகள அது கேக்கும், பாக்கும். பெரும்பாலான பேரு எப்படிப் பேசுதாவளோ அதான் அதுக்கு அசலு. இந்த ஏப்ரல்ல அதப் புதுசாக்கியிருக்காவ.”

“அசலுன்னா இங்கிலாந்துல்லா?”

“இங்கிலாந்துல எத்தன புள்ளைய இருக்கும்? சார்லட்டுட்ட எட்டு வருசத்துல படிச்ச புள்ளைய மட்டும் நாலு கோடி. அதுல முக்காவாசிக்குப் பாடம் எடுத்தது யாரு? நம்மூரு, மதுர, திருச்சி, மார்த்தாண்டம். மூஞ்சி சார்லட்டோடது, கழுத்து நம்மளோடது. புள்ளைய கழுத்தையும் சேத்துப் படிச்சிட்டு. இப்ப அந்தப் புள்ளைய வளந்து ஆபீஸுக்குப் போவுது, சினிமா எடுக்குது. தல ஆட்டாம இங்கிலீஷ் பேசுனா ஏதோ திக்கித் திக்கிப் பேசுத மாதிரி பாக்காவளாம்.”

ஜெபக்கனிக்குத் தனியாரின் முகம் ஞாபகம் வந்தது. ஆறு மாதம் பாடுபட்டு அந்தப் பிள்ளையை அயலாராக்கி அனுப்பியிருக்கிறாள்.

“அப்ப என்னோட பூஜ்யம்?”

“அதான் பிரச்சினையே.” ரெக்ஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார். “எழுபதுக்குக் கீழ வந்தவுக முகமூடி போட்டுகூடப் பாடம் எடுக்கக் கூடாதாம். ஆறு வாரம் இயல்புப் பயிற்சி. அதுல தேறுனா பழைய சீட்டு. தேறலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர்.”

சொந்த முகம் கேட்டுப் போனவளுக்கு இரவல் முகமும் பறிபோகும் நிலை. கசிவு என்ற சொல்லை ஓக்ஹேஸ்ட் அடுத்த திங்கட்கிழமையே ஒழித்துவிட்டது. அதற்குப் பெயர் இனி ‘இயல்பு’. கறுப்புப் புள்ளிகள் எல்லாம் தங்கப் புள்ளிகள் ஆயின. எட்டு வருடம் கழுத்தை ஆட்டாதே என்று மிரட்டிய அதே சுவரில் ‘அசைந்து பேசுங்கள், அசலாகப் பேசுங்கள்’ என்று சுவரொட்டி. ஒட்டியவன் கை கூசவில்லை. கம்பெனிக்காரனுக்கு வெட்கம் இருந்தால் அவன் ஏன் கம்பெனி நடத்துகிறான்?

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் முப்பிடாதி டிபன் பாக்ஸோடு வந்து ஜெபக்கனியின் எதிரே உட்கார்ந்தாள். ஜெபக்கனி அவளைப் பார்க்காமலே கேட்டாள்.

“எப்ப மாறுத? ஒன் மொகம், ஒன் பேரு.”

“எங்க மாற, எக்கா?” முப்பிடாதி சோற்றைப் பிசைந்தாள். “மார்க்குதான் எனக்கு. மொகம் சார்லட்டுக்குத்தானாம். பெத்தவுக அந்த மூஞ்சியப் பாத்துத்தான் புள்ளையச் சேக்காவளாம். என் மூஞ்சி வந்தா பாதிப் பேரு நின்னுருவாவளாம். தொண்ணூத்தேழு எடுத்தவகிட்ட நேராவே சொல்லுதாவ. எனக்குக் கழுத்து மட்டும் போதுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? அழுகையா வந்துச்சு. வீட்டுல ரெண்டு புள்ளைய கெடக்கு. சரின்னு தலைய ஆட்டிட்டு வந்தேன்.” சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். “இன்னொண்ணு எக்கா. அந்த இயல்பு கிளாஸ என்னத்தான் எடுக்கச் சொல்லியிருக்காவ. ஒங்களுக்கு நான் எடுக்க மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்காவ. வேணும்னா சாயங்காலம் வீட்டுக்கு வாரேன், தனியா சொல்லித் தாரேன். ரெண்டே நாள்ல வந்துரும். நமக்குத் தெரியாததா?”

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் ஜெபக்கனியால் தாங்க முடியவில்லை.

“நீ எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தாரியா?” என்றாள். குரல் கூடமெல்லாம் கேட்டது. “சங்கரன்கோவிலு நீ, எனக்கு?”

முப்பிடாதி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வீட்டில் ஆசீர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார். “இதுக்கு ஆறு வாரக் கிளாஸா? மார்க்கெட்டுல போயி பத்து நிமிசம் நில்லு. வாரவன் போறவன்லாம் ஒனக்குச் சொல்லித் தருவான்.” அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சரி, என்னப் பாரு. மீன் வாங்கட்டுமான்னு கேளு” என்றார்.

“மீன் வாங்கட்டுமா?”

அவர் தலையை ஆட்டினார். எத்தனை சுலபமாக, எத்தனை அழகாக! அவள் கண்ணாடி முன்னால் போய் நின்று அதையே செய்து பார்த்தாள். ஈ ஓட்டுவது போல வந்தது. இன்னொரு தரம் செய்தாள். பிடரி நரம்பு புடைத்ததே தவிர அசைவு வரவில்லை. பிறந்த குழந்தைக்கு வருவது, அவளுக்கும் நாற்பத்தைந்து வருடம் வந்தது, இப்போது எங்கே தேடியும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். யார் மீது கோபம் என்று தெரியாத அழுகை அது. கம்பெனி மீதா, காது மீதா, தன் மீதா?

பயிற்சி வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. மாணவர்களுக்கு முகமூடி கிடையாது. ஜெபக்கனி திரையைத் திறந்ததும் பதினான்கு கட்டங்கள் தெரிந்தன. ஒரு கட்டத்தில் அவளே இருந்தாள். அவளுடைய கறுத்த நெற்றி, அவளுடைய மூக்கு, அவளுடைய நரைத்த வகிடு. கீழே எழுதியிருந்தது: ‘ஜெபக்கனி ஆசீர், பாளையங்கோட்டை. அயலார். தொடக்க நிலை.’ கேட்டது கிடைத்தாகிவிட்டது. மாணவியாகக் கிடைத்தது.

மற்ற கட்டங்களில் டொரான்டோவிலிருந்து ஒரு வக்கீல், சிட்னியிலிருந்து ஒரு நர்ஸ், டப்ளினிலிருந்து ஒரு டாக்சிக்காரர். எல்லாரும் பிறந்ததிலிருந்து ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசாதவர்கள். அவரவர் வேலையிடத்திலும் காதின் மதிப்பெண்ணைக் கேட்கத் தொடங்கியிருந்ததால், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு கிழவர். கழுத்துப் பட்டி, சாயம் போன கோட்டு.

மிஸ் சார்லட் தோன்றினாள். பொன்னிறக் கூந்தல், கன்னத்தில் குழி, அச்சுப் பிசகாத முப்பிடாதியின் கழுத்து.

“காலை வணக்கம்! இன்று இருவர் இருவராகப் பேசப் போகிறோம். கூட்டாளி சொல்வதோடு ஒத்துப்போக வேண்டும். வாயால் இல்லை, தலையால். திரு. ஹார்கிரேவ், நீங்களும் ஜெபக்கனியும்.”

இரண்டு கட்டங்களும் பெரிதாகிப் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

“நீங்களுமா?” என்றாள் ஜெபக்கனி.

“ஐம்பத்தெட்டு” என்றார் ஹார்கிரேவ். “உங்களைவிட மூன்று குறைவு. எழுபது வருடம் இதே மொழியில்தான் சாப்பிட்டேன், சண்டை போட்டேன், மனைவியைப் புதைத்தேன். இனி மதிப்பெண்ணை வாசிக்கும் வேலைக்கும் நான் தகுதியில்லை என்று கடிதம் வந்திருக்கிறது.” குரலைத் தாழ்த்தினார். “அன்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன். நான் கேட்டதிலேயே அழகான ஆங்கிலம் உங்களுடையது. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லாமல் போய்விட்டது.”

இரண்டு வருடம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவள் சந்தோஷத்தில் செத்தே போயிருப்பாள். இப்போது அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“ஒன்று கேட்கலாமா?” என்றார் ஹார்கிரேவ். “இந்தத் தலை அசைவு உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்கிறார்கள். உங்களுக்குச் சொந்தமானது என்று. உண்மையா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், மற்றப் பதின்மூன்று கட்டங்களும் அவள் பக்கம் திரும்பும். அடுத்த நொடியே, அப்படியானால் உனக்கு ஏன் தெரியவில்லை என்றும் கேட்பார்கள். அதற்கு அவளிடம் என்ன பதில் இருக்கிறது? திரையில் சார்லட் காத்துக்கொண்டிருந்தாள். சார்லட்டுக்குள்ளிருந்து முப்பிடாதியும் காத்துக்கொண்டிருந்தாள் என்று ஜெபக்கனிக்குத் தெரியும்.

“இல்லை” என்றாள். “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அதெல்லாம் படிக்காதவர்கள் செய்வது.”

மிஸ் சார்லட்டின் புன்னகை மாறவில்லை. உள்ளே இருப்பவள் அழுதாலும் அது மாறாது, மெஷின் பார்த்துக்கொள்ளும். அவளுடைய தலை மட்டும் சற்று நேரம் அசையாமல் நின்றது.

“அப்படியானால் நாம் இருவரும் ஒன்றுதான்” என்றார் ஹார்கிரேவ். “வெளியாட்கள்.”

“ஆமாம்” என்றாள் ஜெபக்கனி.

“வாயால் வேண்டாம், ஜெபக்கனி” என்றாள் மிஸ் சார்லட், மிகவும் பொறுமையாக. “தலையால் சொல்லுங்கள். மெதுவாக, இன்னொரு முறை.”

ஜெபக்கனி இன்னொரு முறை முயன்றாள்.